கார்ஃபீல்டு பள்ளியின் ஆறாவது கணக்கு

மேலே திறந்த ஒரு தொட்டி கட்ட வேண்டும். அடிப்பாகமும் நான்கு பக்கங்களும் செவ்வகம். அகலம் 4 மீட்டர், கொள்ளளவு 36 கன மீட்டர். அடிப்பாகத்துக்குச் சதுர மீட்டருக்கு 10 டாலரும், சுவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 5 டாலரும் ஆகும். ஆகக் குறைந்த செலவில் கட்டி முடித்தால் எவ்வளவு ஆகும்?

பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்களுக்குப் பழக்கமான வகைதான். அகலம் 4, கொள்ளளவு 36 என்பதால் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கினால் 9 வந்தாக வேண்டும். அடிப்பாகச் செலவு நீளத்தைப் போல் 40 மடங்கு. எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு உயரத்தைப் போல் 40 மடங்கு. மற்ற இரண்டு சுவர்களுக்கு எப்படிக் கட்டினாலும் 90 டாலர், அது மாறாது. வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் நீளமும் உயரமும் ஆளுக்கு 3 மீட்டர். 120, 120, 90. மொத்தம் 330 டாலர்.

1982 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஏ.பி. கால்குலஸ் தேர்வில் ஆறாவதாக வந்த கணக்கு இது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியிலிருந்து 18 பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். 18 பேரும் தேர்ச்சி. அப்புறம் அவர்களில் 14 பேர் மீது சந்தேகம் விழுந்தது. காரணம் இந்தத் தொட்டிக் கணக்கு.

இந்தக் கதையை ஹாலிவுட் 1988-இல் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற படமாக எடுத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலாந்தேவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. படம் பார்த்தவர்களுக்கு அந்த வகுப்பு மனதில் நின்றுவிட்டது. ஆனால் அவர்கள் மனதில் நிற்கும் வகுப்பு வேறு, உண்மையில் நடந்த வகுப்பு வேறு. அந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் தேர்வைப் பற்றி. ஏ.பி. என்பது பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தைப் படித்து எழுதும் தேர்வு. நடத்துவது கல்லூரி வாரியம். அதற்காகக் கேள்வித்தாள், திருத்தும் வேலைகளைப் பார்ப்பது பிரின்ஸ்டனில் இயங்கும் கல்வித் தேர்வு நிறுவனம். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வார்கள். பல கல்லூரிகள் அதைத் தங்கள் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் காசில்லாத பிள்ளைக்கு அது கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும் தேர்வும்கூட.

பள்ளியைப் பற்றி. கார்ஃபீல்டில் பெரும்பாலும் மெக்சிகோ வழி அமெரிக்கப் பிள்ளைகள். உழைக்கும் குடும்பங்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்களே, அதில் இந்தப் பள்ளிக்கும் பங்கு உண்டு. எங்களைத் தொழிற்பயிற்சிப் பக்கமே தள்ளிவிடுகிறீர்கள், கல்லூரிக்குப் போகும் படிப்பைத் தாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதற்கு ஆறு வருடம் கழித்தும் பள்ளியின் நிலை பெரிதாக மாறவில்லை. அங்கீகாரமே பறிபோகுமோ என்ற நிலை.

அந்த நேரத்தில்தான், 1974-இல், ஹைமே எஸ்கலாந்தே அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். அங்கே இயற்பியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கியவர். 1960-களில் அமெரிக்காவுக்கு வந்தபோது ஆங்கிலமும் சரியாக வராது, பொலிவியச் சான்றிதழுக்கும் மதிப்பில்லை. உணவகத்தில் மேசை துடைத்தார், சமையல் வேலை பார்த்தார், இரவுக் கல்லூரியில் படித்தார், பரோஸ் என்ற கணினி நிறுவனத்தில் நல்ல வேலையும் வாங்கினார். அதை விட்டுவிட்டுச் சம்பளம் குறைந்த ஆசிரியர் வேலைக்கு வந்தார். கணினிப் பாடம் எடுக்கப்போகிறோம் என்று நினைத்து வந்தவருக்குக் கிடைத்தது கூட்டல் கழித்தல் பின்னம் நடத்தும் அடிப்படைக் கணித வகுப்பு.

வெறுத்துப்போய்ப் பழைய நிறுவனத்துக்கே போன் போட்டுப் பேசியும்விட்டார். அப்புறம் அல்ஜீப்ரா படிக்கத் தயார் என்று 12 பிள்ளைகள் கிடைத்ததால் தங்கிவிட்டார். இந்தப் பன்னிரண்டு பேரைப் படம் காட்டாது. என்னைக் கேட்டால் கதை தொடங்குவதே அவர்களிடம்தான்.

1974-க்கும் 1982-க்கும் நடுவே

எட்டு வருடம். படத்தில் இது ஏறக்குறைய இல்லை. பின்னம் தெரியாத பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள், ஆசிரியர் உலுக்குகிறார், ஒரே மூச்சில் கால்குலஸ் எழுதி முடிக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் பார்ப்பவர் எழுந்து போகிறார். எஸ்கலாந்தேவே பிற்பாடு, படத்தில் 90 சதவீதம் உண்மை, 10 சதவீதம் நாடகம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பத்து சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விஷயமே அதில்தான் இருக்கிறது. வாய்ப்பாடும் பின்னமும் தெரியாத எவருக்கும் ஒரே வருடத்தில் அவர் கால்குலஸ் கற்பித்ததில்லை. இதையும் அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். (படத்தில் வரும் மாரடைப்பும் மாரடைப்பில்லையாம், பித்தப்பை வீக்கம். திரையில் பித்தப்பை எடுபடாது, சரி.)

நடந்தது மெதுவான வேலை. கால்குலஸுக்கு முன்னால் முக்கோணவியல் வேண்டும், அதற்கு முன் வடிவியல், அதற்கு முன் அல்ஜீப்ரா. இந்தப் படிகளைப் பள்ளியில் கட்டவே அவருக்குச் சில வருடங்கள் பிடித்தன. முதல் கால்குலஸ் வகுப்பு 1978-இல்தான் தொடங்கியது. கடைசிவரை நின்று தேர்வெழுதியவர்கள் ஐந்து பேர். தேர்ச்சி இரண்டு பேர். இன்றைக்கு ஒரு பள்ளி இந்தத் தேர்ச்சி விகிதத்தைத் தட்டியில் எழுதி வாசலில் வைக்குமா? ஆனால் அடுத்த வருடம் எண்ணிக்கை கூடியது. 1981-இல் 15 பேர் எழுதி 14 பேர் தேறினார்கள். 1982-இல் 18 பேர். ஆக, அந்தப் பதினெட்டும் திடீரென்று வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை, முந்தைய வருடக் கணக்கோடு பொருந்திப் போகிற எண்தான்.

இந்தப் படிகளை அவர் தனியாளாகவும் கட்டவில்லை. பென் ஹிமெனெஸ் என்ற சக ஆசிரியர் கூடவே நின்று கீழ் வகுப்புகளை எடுத்தார். அதைவிட முக்கியமானவர் ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமையாசிரியர். அவருக்கு முந்தைய நிர்வாகத்தில் ஒரு துணைத் தலைமையாசிரியர் எஸ்கலாந்தேவை வேலையிலிருந்து எடுத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். குற்றச்சாட்டு: காலையில் ரொம்பச் சீக்கிரம் வருகிறார், மாலையில் ரொம்பத் தாமதமாகப் போகிறார், பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்கு அனுமதி வாங்காமல் பணம் திரட்டுகிறார். அரசு அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான் போலிருக்கிறது.

கிராடியாஸ் வந்ததும் காற்று திசைமாறியது. அடிப்படைக் கணித வகுப்புகளைக் குறைத்தார். அடிப்படைக் கணிதம் எடுக்கிறவர் கூடவே அல்ஜீப்ராவும் எடுத்தாக வேண்டும் என்றார். மதிப்பெண் சராசரி கீழே போனால் விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் கிடையாது என்றார். இது பெரிய விஷயம். ஏனென்றால் ‘அடிப்படைக் கணிதம்’ என்பது அதுவரை பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் கிடங்காக இருந்தது. உள்ளே போனவர் வெளியே வந்து மேல் வகுப்புக்குப் போவதற்கு வழி இல்லை. அவர் அந்தக் கிடங்குக்கு ஒரு பின்வாசல் வைத்தார். அடுத்து, பக்கத்தில் இருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை விடுமுறையில் ஏழு வாரத் தீவிர வகுப்புகள் நடந்தன. ஒரு வருடப் பாடத்தை ஒரு கோடையில் முடித்தால், தாமதமாகத் தொடங்கிய பிள்ளையும் பள்ளி முடிவதற்குள் கால்குலஸ் வரை வந்துவிடலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் நாலு வருடப் பள்ளிப் படிப்பில் அல்ஜீப்ராவே இரண்டாம் வருடம் தொடங்கும் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், கோடை வகுப்பு இல்லாமல் அந்தப் பாடத்தை எட்டவே முடியாது என்பது தெரியும்.

வகுப்பறையில் எஸ்கலாந்தே எப்படி இருந்தார் என்பதற்கும் நிறையச் சாட்சி இருக்கிறது. பிள்ளைகள் அவரை ‘கீமோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய கௌபாய் தொடரில் வரும் ‘கீமோ சாபே’ என்ற சொல்லின் சுருக்கம். விளையாட்டுச் சொற்களைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். கணக்கைத் தொடங்கும்போதே தவறு செய்தால் ‘ஃபேஸ் மாஸ்க்’. அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியின் முகக்கவசத்தைப் பிடித்து இழுக்கும் ஃபவுலின் பெயர் அது. ‘கானாஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லை ஓயாமல் சொல்வார். வெறும் ஆசை இல்லை, ஒன்றை அடைந்தே தீருவது என்கிற வேகம். உங்களுக்குத் தேவை கானாஸ் மட்டும்தான் என்பார். கண்டிப்பும் கொஞ்சநஞ்சமில்லை: கேலி செய்வார், குத்திக்காட்டுவார், வீட்டுக்குப் போன் போடுவார், சனிக்கிழமையும் வரச்சொல்வார். இன்றைக்கு அதில் சிலவற்றை ஒரு ஆசிரியர் செய்தால் புகார் வரும், வருவதில் நியாயமும் இருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் வகுப்பில் பிள்ளைகள் அதைத் தாங்கியதற்குக் காரணம், இந்த ஆள் நம்மை மட்டம் என்று நினைக்கவில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததுதான்.

ஒரே தவறு

இப்போது தொட்டிக்கு வருவோம். 18 பேரில் 14 பேரின் விடைத்தாள்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆறாவது கணக்கில் ஒரே தவறு, ஒரே இடத்தில். அளவுகளுக்கு வைத்த எழுத்துக் குறியீடுகளும் ஒன்றாகவே இருந்தன. பத்துப் பேருக்கு 330 என்று சரியான விடை வந்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. சரி ஒன்றுதான் இருக்க முடியும். தவறு ஆயிரம் விதமாக வரலாம். அத்தனை பேருக்கும் ஒரே விதமாக வந்தால் திருத்துகிறவர் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார்.

தேர்வு நிறுவனம் மாணவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. மதிப்பெண் வேண்டுமென்றால் மறுதேர்வு எழுதுங்கள் என்றது. பெயரைப் பார்த்து, பள்ளியைப் பார்த்து, இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வருமா என்று நினைத்துத்தான் பிடித்தார்கள் என்று எஸ்கலாந்தே கொதித்தார். நாங்கள் விடைத்தாளில் இருந்த ஒற்றுமையை மட்டுமே பார்த்தோம் என்றது நிறுவனம். எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே முறையைத் திரும்பத் திரும்பப் பழகியவர்கள், அதனால் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள் என்ற வாதமும் வந்தது.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே குறியீடு, ஒரே வரிசையில் படிகள்: இதற்கு அந்த விளக்கம் போதும். ஒரே வாத்தியாரிடம் டியூஷன் படித்த பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு இது தெரியும், கோடு கிழிப்பதுகூட ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சுருக்கும்போது நேரும் தற்செயலான தவறை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த இடத்தில் வாதம் பலவீனமாகிவிடுகிறது.

வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜே மேத்யூஸ் இதைப் பல வருடம் துருவினார். எஸ்கலாந்தேவைப் பெரிதும் மதித்தவர், அவரைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அதனால் அவர் கண்டுபிடித்ததைப் பகையாளியின் பேச்சு என்று தள்ள முடியாது. மறுதேர்வு எழுதியவர்களில் பத்துப் பேர் தங்கள் விடைத்தாள்களை அவர் பார்ப்பதற்கு ஒப்புதல் எழுதிக்கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேரின் ஆறாவது கணக்கில் ஒரே தவறு இருந்தது. அந்த ஒன்பதில் இருவர், தேர்வு நடக்கும்போது அந்தத் தவறான தீர்வு எழுதிய ஒரு துண்டுத்தாள் கைமாறியது என்று தன்னிடம் சொன்னதாக மேத்யூஸ் எழுதினார்.

நம் பாஷையில் சொன்னால், பிட். அதுவும் தப்பான பிட்.

இதைப் படித்த பிறகு இந்தக் கதையே பிடிக்காமல் போனவர்கள் உண்டு. எனக்கு நேர் எதிராக ஆனது. படத்தில் பிள்ளைகள் களங்கமில்லாதவர்கள், நிறுவனம் வில்லன். உண்மையில் சந்தேகப்பட நிறுவனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதே நேரம், தாளைப் பார்க்காமலேயே முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிற உலகத்தில் அந்தப் பிள்ளைகள் வாழ்ந்ததும் உண்மை; அவர்கள் கோபம் பொய்யில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியும்.

அப்படியானால் அவர்களுக்குக் கணக்கு தெரியுமா தெரியாதா? அதற்கான பதில் முதல் தேர்வில் இல்லை. 1982 ஆகஸ்ட் 31 அன்று 12 பேர் மறுபடியும் உட்கார்ந்து எழுதினார்கள். புதிய கேள்வித்தாள். தேர்வு முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, நடுவில் கோடை விடுமுறை வேறு. இந்த முறை எல்லாக் கண்களும் அவர்கள் மேல். 12 பேரும் தேறினார்கள். பிட்டை வைத்து ஒரு கணக்கைத் தாண்டலாம்; மற்றவற்றைத் தாண்ட முடியாது. ஆறாவது கணக்கில் காப்பி அடித்திருந்தால், காப்பி அடிக்கத் தேவையே இல்லாத நிலையில் இருந்த பிள்ளைகள் பதற்றத்தில் செய்த முட்டாள்தனம் அது. மறுதேர்வு என்ற அவமானம் வந்திருக்காவிட்டால் அந்த வகுப்பின் மேல் இன்றுவரை ஒரு நிழல் இருந்திருக்கும். அவர்களைச் சந்தேகித்த நிறுவனமே அவர்களுக்கு அசைக்க முடியாத சான்றையும் கொடுத்துவிட்டது.

படம் முடிந்த பிறகு

செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த வருடம் கால்குலஸ் எழுதியவர்கள் 33, தேறியவர்கள் 30. 1987-இல் முதல்நிலைத் தேர்வில் 73 பேரும், அதைவிடக் கடினமான இரண்டாம் நிலையில் 12 பேரும் தேறினார்கள். 1988-இல் படம் வந்தது, அதே வருடம் அதிபர் ரீகன் கையால் விருதும் வந்தது. ஒரு பொதுப் பள்ளி வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1987-இல் கிராடியாஸ் முனைவர் பட்டத்தை முடிக்க விடுப்பில் போனார். திரும்பி வந்தவருக்குக் கார்ஃபீல்டு கிடைக்கவில்லை. பள்ளிக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலையை மேற்பார்க்க அனுப்பினார்கள். இதை முதலில் படித்தபோது ஏதோ கேலிக்கு எழுதியது என்று நினைத்தேன். எஸ்கலாந்தேவின் வகுப்புகளிலோ கூட்டம் பெருகியது. 1990-இல் அல்ஜீப்ரா தொடங்கி மேலே வரை 400-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய திட்டத்தில் இருந்தார்கள். சில வகுப்புகளில் 50 பேருக்கு மேல். ஆசிரியர் சங்கம் போட்ட வரம்பு 35. சங்கத்தைக் குறை சொல்வது சுலபம். ஒரு ஆசிரியர் ஐம்பது பேரை வைத்துச் சமாளித்தால் நாளை எல்லோர் தலையிலும் ஐம்பது பேரைக் கட்டுவார்கள் என்ற அவர்கள் பயம் நியாயமானதுதான். சக ஆசிரியர்களோடு உரசல் கூடியது. படத்தால் வந்த புகழும் அதில் எண்ணெய் ஊற்றியது. பார்க்க வருகிறவர்கள், கேமராக்கள், எல்லாம் ஒரே ஒரு ஆளைத் தேடி. கணிதத் துறைத் தலைவர் பொறுப்பு 1990-இல் அவர் கையைவிட்டுப் போனது. 1991-இல் அவரும் ஹிமெனெஸும் பள்ளியைவிட்டே போனார்கள். எஸ்கலாந்தே சாக்ரமெண்டோவில் வேறொரு பள்ளியில் சேர்ந்தார். கார்ஃபீல்டில் நடந்தது அங்கே நடக்கவில்லை. கார்ஃபீல்டிலும் கால்குலஸ் தேறுகிறவர்கள் எண்ணிக்கை சில வருடங்களில் வேகமாகச் சரிந்தது.

எஸ்கலாந்தே என்ற தனிமனிதர்தான் ரகசியம் என்றால், அவர் போன இடத்தில் அது மறுபடி நடந்திருக்க வேண்டும். அவர் கட்டிய முறைதான் ரகசியம் என்றால், அவர் விட்டுப்போன இடத்தில் அது தொடர்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கீழே அல்ஜீப்ரா எடுக்க ஆள், கோடைக்கு ஒரு கல்லூரி, குறுக்கே நிற்காத தலைமையாசிரியர், மேலே எஸ்கலாந்தே: ஒரு முனையை உருவினால் மொத்தமும் சரிகிற ஏற்பாடு அது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் அப்படி ஒரு வாத்தியார் வேண்டும் என்று கேட்ட ஊர்கள் அதிகம். எங்களுக்கும் அப்படி ஒரு தலைமையாசிரியரும் ஏழு வாரக் கோடை வகுப்பும் எட்டு வருடப் பொறுமையும் வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. கானாஸ் மட்டும் போதும் என்று எஸ்கலாந்தேவே ஓயாமல் சொன்னதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். வகுப்பில் சொல்ல அது நல்ல வார்த்தைதான். அந்த வார்த்தைக்குப் பின்னால் அவரே எத்தனை ஏற்பாடு செய்து வைத்திருந்தார் என்பதை அது மறைத்துவிட்டது.

எஸ்கலாந்தே 2001-இல் பொலிவியாவுக்குத் திரும்பினார். பிற்பாடு புற்றுநோய் வந்தது. 2010 மார்ச்சில் மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டியவர்களில் அவருடைய பழைய மாணவர்களும் இருந்தார்கள், அந்தப் படத்தில் நடித்தவர்களும் இருந்தார்கள். மார்ச் 30 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தார். ஏப்ரல் 17 அன்று அஞ்சலி கார்ஃபீல்டில், அவர் கால்குலஸ் நடத்திய அதே வகுப்பறையில் நடந்தது.